கூலிக்கு யார் காவல்? கருமத்தம்பட்டித் தறிகளும் மீறப்படும் ஒப்பந்தங்களும்

கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக் கூலிக்காகத் தறிக்காரர்களுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் நடந்த பேச்சுவார்த்தை 2021 நவம்பர் 24 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் முடிவுக்கு வந்தது. சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூட்டித் தருவதென்று பேசி முடித்தார்கள். பேசியபடி கூலி வரவில்லை. அதைக் கேட்டுத் தறிக்காரர்கள் 2022 ஜனவரி 9 முதல் தறிகளை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் சோமனூர் ரகத்துக்கு 19, மற்றவற்றுக்கு 15 என்று இறங்கி வந்த பிறகுதான் தறிகள் ஓடின. வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போட்டதற்குக் கிடைத்தது, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைவிடக் குறைந்த கூலி. அதையும் பலர் முழுதாகப் பார்க்கவில்லை. சந்தை மந்தம் என்று சொல்லி அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. 2025 மார்ச் 19-ல் மறுபடியும் வேலைநிறுத்தம். ஏப்ரலில் கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு மாதம் கடந்து, ஏப்ரல் 20-ல் சோமனூர் ரகத்துக்கு 15, மற்றவற்றுக்கு 10 சதவீதம் என்று முடிந்தது.

இந்த முறை தட்டிகளில் எழுதியிருந்த கோரிக்கையை கவனித்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். கூலி உயர்வு என்று மட்டும் அவர்கள் எழுதவில்லை. 'சட்டப் பாதுகாப்புடன் கூடிய கூலி உயர்வு' என்று எழுதியிருந்தார்கள். சதவீதத்தைவிட இந்த அடைமொழிதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒரு நிபந்தனையை எழுதிக் கையெழுத்திட்ட பிறகும் அது ஏன் ஒரு தரப்பை மட்டும் கட்டுகிறது, இன்னொரு தரப்பைக் கட்டாமல் போகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் அவிநாசியைத் தாண்டிக் கோவையை நோக்கி வரும்போது கருமத்தம்பட்டி வருகிறது. 2021-ல் நகராட்சியான ஊர். பக்கத்தில் சோமனூர். அங்கிருந்து தெக்கலூர், மங்கலம், பல்லடம், கண்ணம்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கூடவே வரும். இங்குள்ள தறிகளில் பெரும்பகுதி கூலித் தறிகள். தறியும் கொட்டகையும் மின் இணைப்பும் தறிக்காரருடையவை. நூல் அவருடையதல்ல, நெய்து முடித்த துணியும் அவருடையதல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலை சைசிங் ஆலையில் கஞ்சி போட்டு, பீமில் சுற்றி அனுப்புவார். ஊடைக்குக் கோன் நூல் வரும். தறிக்காரர் பாவைப் பிணைத்து, ஓட்டி, காடாத் துணியாக மடித்துத் திருப்பிக் கொடுப்பார். கூலி பிக் கணக்கில். ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை இழை விழுகிறதோ அதற்கு இத்தனை பைசா என்று பேசி, மீட்டருக்குப் பெருக்கிக் கொள்வார்கள். ஒரு பிக்குக்கு அரைப் பைசா குறைந்தால் 60 பிக் துணியில் மீட்டருக்கு 30 பைசா போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 30 பைசா பெரிதாகத் தெரியாது. மாதம் சில ஆயிரம் மீட்டர் ஓட்டுபவருக்கு அது தறி ஓட்டும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு, அல்லது பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு.

ஒரு பாவு தறிக்கு வந்து, துணியாகித் திரும்பும் வழியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பீம் இறங்கும்போதே அதன் எடை சீட்டில் ஏறிவிடுகிறது. கோன் நூலின் எடையும் ஏறுகிறது. துணி திரும்பும்போது மறுபடி எடை. வந்த நூலுக்கும் போன துணிக்கும் இடையே அனுமதித்த சேதாரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கூலியில் கழியும். பிறகு துணியை மேசையில் விரித்துப் பார்ப்பார்கள். இழை அறுந்த இடம், ஊடை விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஓரம் சரியில்லாத இடம் எல்லாவற்றுக்கும் 'டேமேஜ்' என்று ஒரு குறி. அதுவும் கூலியில் கழியும். மீதிதான் கைக்கு வரும். அதுவும் அன்றே வராது. இந்த முழுப் பாதையிலும் தறிக்காரர் மீதான நிபந்தனைகள் தாமாகவே நிறைவேறுகின்றன. யாரும் வழக்குப் போடவில்லை, நோட்டீஸ் அனுப்பவில்லை. பணம் யார் கையில் இருக்கிறதோ அவரே கழித்துக்கொள்கிறார். கழித்தது தவறு என்று நிரூபிக்கும் சுமை, பணம் கிடைக்காதவர் தலையில் விழுகிறது.

உற்பத்தியாளர் மீதான நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பேசிய கூலியைத் தர வேண்டும். அவர் தராவிட்டால், கழித்துக்கொள்ளத் தறிக்காரர் கையில் எதுவும் இல்லை. ஒப்பந்தக் கூலியைக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் நேரடி மறுப்பாக இருப்பதில்லை. "இப்ப மார்க்கெட் சரியில்லீங்க, இந்தக் கூலிக்கு ஓட்டறதுனா பாவு அனுப்பறேன்" என்ற அளவில் அது முடிந்துவிடும். தறி நின்றால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். வங்கித் தவணை நிற்காது. ஆகவே பாவு இறங்கும்.

தாளில் உள்ள சதவீதங்களை அப்படியே எடுத்துக்கொண்டாலும் கணக்கு என்ன சொல்கிறது? இதற்கு முன் கூலி உயர்ந்த 2014-ஆம் ஆண்டின் கூலியை 100 என்று வைத்தால், 2022-ல் சோமனூர் ரகத்துக்கு 119. அதன்மேல் 2025-ன் 15 சதவீதத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 137. மற்ற ரகங்களுக்கு 115-இலிருந்து ஏறத்தாழ 126. பதினோரு ஆண்டுகளில் இவ்வளவுதான். அதே காலத்தில் நாட்டின் சில்லறை விலைக் குறியீடு 60 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. 2023-ல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரம் இரு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது ஓரளவு தாங்கியது. இதில் மூன்றாண்டுக்கு ஒரு முறை கூலி உயர்த்துவது இந்தப் பகுதியின் நெடுநாள் வழக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வழக்கப்படி பார்த்தால் 2014-க்கு அடுத்த உயர்வு 2017-ல் வந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்தால் நிறைவேற்றக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். அமைச்சரும் ஆட்சியரும் அருகில் இருப்பதால் மட்டும் ஓர் உடன்பாடு அந்தத் தகுதியை அடைவதில்லை. முதல் சிக்கல், கையெழுத்திட்டது யார் என்பது. பேச்சுவார்த்தையில் சங்கங்கள் உட்காருகின்றன. பாவு அனுப்புவதோ தனித்தனி உற்பத்தியாளர்கள். ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவரை அந்த ஒப்பந்தம் கட்டாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. சங்கத்துக்கு அந்த அதிகாரத்தைத் தான் கொடுக்கவே இல்லை என்று ஓர் உற்பத்தியாளர் சொன்னால், அவர்மீது அந்தத் தாளைக் காட்டி வழக்காடுவது கடினம். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. உடன்பாட்டில் கூலி சதவீதம் இருக்கிறது; மீறினால் என்ன என்பது இல்லை. வட்டி இல்லை, இழப்பீடு இல்லை, யாரிடம் முறையிடுவது என்றும் இல்லை. ரோமானியச் சட்டத்தில் வாய்மொழியாகவே ஒருவரைக் கட்டும் முறை இருந்தது. வாங்க வேண்டியவர் "தருவாயா?" என்று கேட்பார், தர வேண்டியவர் அதே வினைச்சொல்லில் "தருவேன்" என்பார். அந்தக் கேள்வியும் பதிலும் போதும், கடன் உறுதியாகிவிடும், எழுத்துகூட வேண்டியதில்லை. அந்த முறையில் வாக்குறுதியின் சொற்களை அமைத்தவர் பணம் பெற வேண்டியவர். மீறினால் வழக்காட வழியும் அவருக்கு இருந்தது. நம் பகுதியில் எழுத்து இருக்கிறது, சாட்சிக்கு அரசே இருக்கிறது. அந்த வழி மட்டும் இல்லை.

கோவைக்கு இது புதிய அறிவு அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. இதே மாவட்டத்தின் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு '12(3) ஒப்பந்தம்' என்ற சொல் மிக நன்றாகத் தெரியும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 12(3) பிரிவின் கீழ் சமரச அதிகாரி முன்னிலையில் செய்துகொள்ளும் உடன்பாடு அது. சங்கத்தில் இல்லாத தொழிலாளரையும், பின்னால் வேலைக்குச் சேர்பவரையும்கூட அது கட்டும். மீறுவது தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தை இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. பழையதோ புதியதோ, அந்த வாசல் தொழிலாளருக்குத்தான் திறக்கும். கூலித் தறிக்காரர் சட்டத்தின் கண்ணில் முதலாளி. நான்கு தறி வைத்து, ஒரு ஆளை வைத்து, இரவு ஷிஃப்டில் தானே நின்று தறி ஓட்டுபவரும் முதலாளிதான். அவருக்கும் உற்பத்தியாளருக்கும் நடப்பது சமமான இரு வணிகர்களின் வியாபாரம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நிபந்தனை விதிக்கும் வலிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது என்ற உண்மை அந்தப் பார்வையில் விழுவதில்லை.

எல்லாத் தொழிலிலும் சட்டம் இப்படி விலகி நிற்கவில்லை. பீடித் தொழிலைப் பாருங்கள். இலையும் தூளும் வேறொருவருடையது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவருக்கு எண்ணிக்கைக் கூலி. கழித்துப்போடும் அதிகாரம் ஒப்பந்தக்காரரிடம். தறிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்துகிறது. 1966-ல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, வீட்டில் இருந்து வேலை செய்பவரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பீடிகளைத் தரமில்லை என்று கழிப்பதற்கு உச்சவரம்பு வைக்கும் விதிகள் அதன் கீழ் வந்தன. முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில், துண்டு வேலை செய்யும் தையற்காரர்களும் தொழிலாளர்களே என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தைத்ததை ஏற்க மறுத்துத் திருப்பித் தரும் அதிகாரம் கடைக்காரரிடம் இருப்பதே கட்டுப்பாட்டுக்கு அடையாளம் என்று அது கருதியது. கருமத்தம்பட்டியில் துணியை மேசையில் விரித்து 'டேமேஜ்' குறி போடும் கையும் அதே அதிகாரத்தைத்தான் செலுத்துகிறது. தறி தறிக்காரருக்குச் சொந்தம் என்ற ஒரே வேறுபாட்டால் அவர் வேறொரு பக்கம் போய்விழுகிறார்.

கரும்பு விவசாயிக்கும் சட்டம் அரண் கட்டியது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குறைந்தபட்ச விலையை அரசே அறிவிக்கிறது. கரும்பு வந்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. ஆலைகள் இதை மீறியதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மீறும்போது விவசாயி கையில் ஒரு கணக்கு இருக்கிறது: எத்தனை நாள், எவ்வளவு வட்டி, யார் பொறுப்பு.

தறிக்காரர் கையில் எதுவுமே இல்லையா என்று ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால், அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு கிடைக்கிறது. கூலிக்கு நெய்ய நூல் கொடுப்பது சட்டப்படி ஒப்படைப்பு. ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தன் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 170-ஆம் பிரிவு. அந்தப் பிரிவிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி வரும்வரை பொற்கொல்லர் வைத்துக்கொள்ளலாம். கோட்டுத் தைக்கத் துணி வாங்கிய தையற்காரரோ, தைத்ததும் கொடுத்துவிடுவதாகவும் கூலிக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் சொல்லியிருந்தால், கோட்டை நிறுத்தி வைக்க முடியாது. 1872-ல் எழுதிய அந்த இரண்டாவது எடுத்துக்காட்டு அப்படியே நம் தறிக்காரரின் நிலை. துணி போகிறது, கூலி பின்னால் வருகிறது. கடனுக்கு நெய்யும் வழக்கம் அவருடைய ஒரே பிடியையும் அவிழ்த்துவிடுகிறது. வழக்கத்தை மாற்றி, பணம் வந்த பிறகே துணி என்று ஒருவர் நின்றால்? சட்டம் அவர் பக்கம் இருக்கும். அடுத்த பாவு பக்கத்துக் கொட்டகைக்குப் போகும். தனியாளாகப் பயன்படுத்த முடியாத உரிமை அது. வேலைநிறுத்தம் என்பதே இந்த 170-ஆம் பிரிவை ஊர் கூடிப் பயன்படுத்துவது போன்றதுதான். ஒருவர் துணியை நிறுத்தி வைக்க முடியாததால் எல்லோரும் சேர்ந்து தறியை நிறுத்துகிறார்கள். அதன் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள்.

கூலி வரும் காலத்துக்கு மட்டும் ஓரளவு பாதுகாப்பு வந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை வந்தது: அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை வாங்கியவர் தன் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. இது நல்ல ஏற்பாடு. நீதிமன்றப் படியேறாமலே, கணக்குப் புத்தகத்தின் வழியாக நிபந்தனை நிறைவேறுகிறது. இதற்கான உதயம் பதிவு இல்லாத தறிக்காரர்கள் உடனே அதைச் செய்துகொள்வது நல்லது. ஆனால் இந்தச் சட்டம் எப்போது தர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதியிருந்தால்தான் அது காக்கும்.

அந்தச் சீட்டில்தான் ஓட்டை இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, கூலி வேலைக்கு அனுப்பிய நூல் ஓராண்டுக்குள் துணியாகத் திரும்ப வேண்டும். அதற்கு டெலிவரி சலான் போட்டே அனுப்ப வேண்டும். எனவே நூல் போன பாதை, எடை, மதிப்பு எல்லாம் அரசுக் கணக்கில் இருக்கிறது. பேசிய பிக் கூலி அந்தச் சலானில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூலி பில் போடும்போது அது வெளியே வருகிறது. அதற்குள் குறைக்க வேண்டியதைக் குறைத்தாகிவிடும்.

உற்பத்தியாளர் தரப்பையும் கேட்க வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. பஞ்சு விலை 2022-ல் கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் வாங்கியவர்கள் நிலைகுலைந்து போனார்கள். துணியை வெளிமாநில வியாபாரிக்குக் கடனுக்குத்தான் விற்க முடிகிறது. பிவண்டி, இச்சல்கரஞ்சி போன்ற வெளிமாநிலத் தறி ஊர்களின் துணியோடும், நாடா இல்லாத வேகத் தறிகளின் துணியோடும் விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தக் கூலியை ஒழுங்காகத் தரும் உற்பத்தியாளர், தராதவரோடு ஒரே சந்தையில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரையும் கட்டும் சட்டம் வந்தால் முதலில் நிம்மதி அடைபவர் அவர்தான். ஆனால் நூல் விலை ஏறினால் கூலி குறைகிறது, துணி விலை இறங்கினாலும் கூலி குறைகிறது, இரண்டும் சீரானால் கூலி ஏறுவதில்லை என்றால், சந்தையின் ஆபத்து முழுவதும் நூலுக்கோ துணிக்கோ உரிமை இல்லாதவரிடம் இறக்கி வைக்கப்படுகிறது. அந்த ஆபத்தைத் தாங்க அவருக்கு லாபத்தில் பங்கு எதுவும் இல்லை. பேரம்பேசும் வலிமை மிகவும் ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, மனச்சான்றுக்கு ஒவ்வாத ஒப்பந்த விதி செல்லாது என்று 1986-ல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசு நிறுவனம் ஒன்றின் ஊழியர் தொடர்பான வழக்கு. இரு தரப்பும் வணிகர்களாக இருக்கும் வணிக ஒப்பந்தத்துக்கு இந்த நெறி பொருந்தாமல் போகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது; ஆனாலும் ஒப்பந்தம் செய்யும் இரு தரப்பையும் எப்போதும் சமமாகவே பார்க்க வேண்டியதில்லை என்ற வாசலை அது திறந்துவைத்தது.

மாநில அரசால் முடியாத காரியம் இது என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாடு 2019-ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. பல்லடம் பகுதியில் கறிக்கோழி வளர்ப்பவரின் நிலையும் தறிக்காரர் நிலைதான்: கொட்டகை அவருடையது, குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையது, கைக்கு வருவது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. எழுத்தில் ஒப்பந்தம், பதிவு, தகராறு தீர்க்க அதிகாரி என்ற அமைப்பை அங்கே சட்டத்தில் எழுத முடிந்ததென்றால் தறிக்கும் எழுதலாம். அங்கும் வளர்ப்புக் கூலிக்கான போராட்டம் ஓயவில்லை. சட்டம் இருப்பதும் அதைச் செயல்படுத்துவதும் வேறு வேறு என்பதை அது காட்டுகிறது.

தறிக்கு வேண்டிய சட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பாவு சலானிலேயே பிக் கூலி எழுதப்பட வேண்டும். எழுதாத சலானுக்கு அறிவிக்கப்பட்ட கூலியே பொருந்தும் என்று வைக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் முடிவான கூலியை அரசு அறிவிக்கையாக வெளியிட்டு, சங்க உறுப்பினர் அல்லாதவரையும் அது கட்டும்படி செய்ய வேண்டும். 'டேமேஜ்' கழிவுக்கு உச்சவரம்பு வேண்டும். அதற்கு மேல் கழித்தால் அந்தத் துணியைத் தறிக்காரர் மறு ஆய்வுக்குக் கேட்கும் உரிமை வேண்டும். குறைத்துக் கொடுத்த தொகைக்கு 45 நாள் சட்டத்தின் அதே கூட்டு வட்டி. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை; பீடிக்கும் கரும்புக்கும் பஞ்சாலைக்கும் ஏற்கெனவே கொடுத்தவற்றிலிருந்து எடுத்தவைதான். நான் இதில் முதலிடம் கொடுப்பது சலானுக்கு. நூல் இறங்கும் நிமிடத்திலேயே கூலியும் எழுத்தில் இறங்கினால், பின்னால் சந்தை மந்தம் என்று சொல்லிக் குறைப்பவர், எழுதிய ஒன்றை மீறுகிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். வட்டியும் அந்தத் தேதியிலிருந்து ஓடும்.

மூன்றாண்டு வழக்கப்படி அடுத்த கூலிப் பேச்சு 2028-ல் வர வேண்டும். ஆட்சியர் அலுவலக மேசையில் இரு தரப்பும் உட்காரும்போது, சதவீதத்தைப் பேசுவதற்கு முன்பே மீறினால் என்ன என்ற பகுதியை எழுதி முடித்திருக்க வேண்டும். அதற்கான சட்ட முன்வரைவைக் கேட்டு வாங்க, சோமனூர், பல்லடம் சங்கங்களுக்கு இருப்பது அதுவரையுள்ள காலம்தான்.